கட்அவுட்டுக்குப் போன கெட்டிப்பால்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒச்சம்மாள் அக்காவுக்கு ஒரு கடைக்காரர் என்ன விற்கிறார் என்பது பெரிதில்லை. விற்ற லாபத்தை என்ன செய்கிறார் என்பதுதான் பெரிது. எண்ணெய்க் கடைக்காரர் லாபத்தில் குழாய் ஸ்பீக்கர் வாங்கித் தெருவையே தூங்கவிடாமல் அடித்தார். அன்றோடு அவர் கடை எண்ணெயை அக்கா நிறுத்திவிட்டார். மளிகைக்காரர் மகனுக்கு வாங்கிக்கொடுத்த பைக் காதைக் கிழித்தது. அதிலிருந்து உப்புக்கும் புளிக்கும் செம்பட்டிக்குப் பஸ் ஏறுகிறார். பஸ் முதலாளி லாபத்தை என்ன செய்கிறாராம் என்று நான் வாயைவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அக்காவோடு நாங்கள் உட்கார்ந்து பூக்கட்டும் வரிசைக்கு எதிரில் பிராங்கிளினின் டீக்கடை. நல்ல பையன்தான், ஆனால் சினிமாப் பைத்தியம். ஒரு நடிகரின் பிறந்தநாளன்று அண்டா நிறையப் பால் வாங்கி, ஏணி போட்டு ஏறி, கட்அவுட்டின் தலையில் ஊற்றினான். கீழே வழிந்ததை அக்கா விரலால் தொட்டுப் பார்த்தார். கெட்டிப்பால்.

"நமக்குத் தண்ணி, அட்டைக்குப் பாலா?" என்றார்.

மறுநாள் முதல் எங்களில் யாரும் அவன் டீயைத் தொடவில்லை. டீ இல்லாமல் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அக்காவுக்குப் பயந்து அதையும் வெளியில் சொல்லவில்லை.

அரை டீக்கு மேல் குடிக்காத இந்தக் கஞ்சப் பொம்பளைகள் வராவிட்டால் என்ன என்று பிராங்கிளின் முதலில் வீறாப்பாகத்தான் இருந்தான். எங்களைப் பார்த்து மூட்டை தூக்குகிறவர்களும் நிறுத்தியதும் இறங்கி வந்தான். லாபத்தை எதற்குச் செலவழித்தால் வருவீர்கள் என்று கேட்டான்.

அக்கா பூவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாங்க ஏன் அரை டீயோட நிறுத்துறோம்னு யோசிச்சியா தம்பி? விடியுமுன்ன வந்து உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒதுங்க ஒரு எடமில்ல. முழு டீயக் குடிச்சுப்புட்டு எங்கிட்டுப் போறது? ஒங்கடைக்குப் பின்னால எடம் சும்மாத்தான கெடக்கு."

பிராங்கிளின் திரும்பித் தன் கடையின் பின்புறத்தைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் அடக்கிக்கொண்டே இருந்தோம், ஒருத்தியும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிராங்கிளினின் லாபத்தில் கடைக்குப் பின்னால் எங்களுக்கென்று கழிப்பறை எழும்பியது. திறப்பன்று எல்லோருக்கும் ஓசி டீ, அதுவும் கெட்டிப்பாலில். அக்கா நம்பிக்கையாக முழு டம்ளரையும் குடித்தார். நாங்களும் குடித்தோம். அப்புறம்தான் பிராங்கிளின் கழிப்பறை வாசலுக்கு மேல் சுருட்டி வைத்திருந்த பிளக்ஸை அவிழ்த்துவிட்டான். நடுவில் நடிகர், ஒரு பக்கம் பிராங்கிளின், மறுபக்கம் கைகூப்பிச் சிரிக்கும் அக்கா. கீழே 'வருக வருக' என்று கொட்டை எழுத்து.

அக்காவின் முகம் மாறிவிட்டது. லாபத்தை இப்படிக் கொட்டுகிறவன் வாசலை மிதிப்பதில்லை என்பது அவர் போட்ட சட்டம். அவர் போகாமல் எங்களில் ஒருத்தியும் போக முடியாது. குடித்த டீக்குச் சட்டமெல்லாம் தெரியுமா? காலை மாற்றி மாற்றி நின்றோம். சீக்கிரம் ஒரு முடிவைச் சொல்லும்படி நான் கெஞ்சினேன்.

அக்கா நார் அறுக்கும் பிளேடை எடுத்தார். ஸ்டூலில் ஏறி நடிகரை அறுத்துக் கீழே போட்டார். பிராங்கிளினையும் அறுத்தார்.

"பொம்பளைங்க போற எடத்துல ஆம்பளைகளுக்கு என்ன சோலி?"

தன் படத்தருகே வந்ததும் பிளேடு நின்றது. செத்த நேரம் பார்த்தார். முந்தானையால் படத்தில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு இறங்கினார்.

முதல் ஆளாக அவரே போனார். வாசலில் அவர் படம் எங்களைக் கைகூப்பி அழைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பிராங்கிளினு, எனக்கு இன்னொரு டீ போடு. முழு டீ."