விமலேஸ் அன்ரியின் நெற்றிக் கொப்பி

காலை ஆறே முக்காலுக்கு விமலேஸ் அன்ரி தன் மகளின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி, உலகத்தில் எந்த விஞ்ஞானியும் எந்த நட்சத்திரத்தையும் பார்த்திருக்க மாட்டான். நிலவுக்கு ராக்கெற் விடுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர் கண்டாவளைக்கு வந்து, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாதம் நின்று பழகிவிட்டுப் போனால், பிறகு ஒரு ராக்கெற்றும் வழி தவறாது.

மகள் யதுர்ஷிகாவுக்கு ஒன்பது வயது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குசினி வாசலில் வந்து நிற்பாள். சாந்துப் போத்தலைத் திறந்து, நடுவிரலால் தொட்டு, கண்ணாடி பார்க்காமல் தானே பொட்டு வைக்க வேண்டும். அன்ரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு கொப்பியில் நெற்றி என்று ஒரு முட்டை கீறுவார். அதற்குள் இரண்டு புருவம். பொட்டு விழுந்த இடத்தில் ஒரு புள்ளி. ஒரு கிழமைக்கு ஏழு நெற்றி, ஒரே வரியில்.

இரண்டு வருடத்துக்கு முன் யதுவுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போயின. கொஞ்ச நாளில் கை தானாக உதறத் தொடங்கியது. கண் ஓயாமல் சிமிட்டியது. பென்சில் விழுந்துகொண்டே இருந்தது. குறும்பு என்றார்கள் சிலர். கண்பட்டு நாவூறு என்றது எங்கள் ஒழுங்கைச் சனம். ஆஸ்பத்திரி டொக்டர்தான், இது தொண்டைக் கிருமியின் வேலை, மாதாமாதம் ஊசி போட வேண்டும், ஒவ்வொரு தொண்டை நோவுக்குப் பிறகும் உதறல் திரும்பி வரலாம், வருகிற நாட்களை எழுதி வையுங்கள் என்றார். அன்ரியும் "கொஞ்சம் உதறினது", "கூட உதறினது" என்று எழுதிக்கொண்டு போனார். "எவ்வளவு கொஞ்சம், அம்மா?" என்று டொக்டர் கேட்டாராம். அன்றிலிருந்து அன்ரி பொட்டு விழுகிற இடத்தைக் கீறத் தொடங்கினார். அடுத்த மாதம் நெற்றிகளோடு போனார். டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாராம்.

கொப்பியின் முதல் பக்கத்தில் மட்டும் நெற்றி இல்லை. ஒரு திகதியும் ஒரு வரியும்: "எழுத்துக் கோணல் எண்டு பிள்ளைக்கு அடிச்சனான்." இதை ஏன் வைத்திருக்கிறீர்கள், கிழித்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்டைக்குத்தானடி வருத்தம் தொடங்கினது. எனக்குத் தெரியேல்ல. அதுக்காகத் திகதி இல்லையெண்டு ஆகிடுமோ?" என்றார்.

அவருடைய கணவர் குகதாசன் அங்கிளுக்கு வேறு சந்தேகம். வயலுக்குப் போகிற வாய்க்காலில் குளித்துத்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்று அவர் நம்புகிறார். ஆகவே வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாட்களை அவரும் கொப்பி ஓரத்தில் எழுதுகிறார். டொக்டர் அதை வெட்டவில்லை. "ஐயா எத்தினை ஏக்கர் விதைப்பு?" என்று மட்டும் கேட்டாராம்.

மற்ற வீடுகளில் ஆள் வந்தால் "வாங்கோ" என்பார்கள். அன்ரி "தொண்டை நோகுதோ?" என்பார். மீன் கொண்டுவருகிற செல்வராசா அண்ணைக்கு ஒருநாள் குரல் கட்டியிருந்தது.

"கூவிக் கூவி அடைச்சதக்கா, வேற ஒண்டுமில்ல."

"வாயைத் திறவுங்கோ பாப்பம்."

படலையடியில் போன் லைற் அடித்துப் பார்த்த பிறகுதான் மீன் வாங்கினார். "எல்லாச் சனமும் மீனின்ர செவுளைப் பாக்கும். இவா என்ர செவுளையும் பாக்கிறா," என்று அண்ணை என்னிடம் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தார். நான் என் பங்குக்கு அவர்களுடைய ஆட்டின் நெற்றியில் சாந்து வைத்து இழுத்துக்கொண்டு போனேன். "அன்ரி, இதையும் எழுதுங்கோ." அவர் சிரிக்கவேயில்லை. "அது தானா வைச்சதெண்டால் எழுதுறன்."

உதறலை அடக்க விழுங்குகிற குளிசை ஒன்று உண்டு. அது யதுவை வகுப்பில் தூங்க வைக்கும். மேசையில் எச்சில் வடிந்ததைப் பார்த்துப் பெடியள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். மூன்று மாதம் உதறல் வராவிட்டால் குளிசையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கொப்பியில் பன்னிரண்டு வரி, பன்னிரண்டு கிழமை, நல்லபடியாகப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கிளினிக்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை யது வேலியடிக்கு ஓடி வந்தாள். பொட்டு இடது புருவத்துக்கு மேல் ஏறிக் கிடந்தது.

"தர்மிளாக்கா, அம்மா ஆடு மாத்திக் கட்டப் போட்டா. வாறதுக்குள்ள கெதியா."

என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்து, நடு நெற்றியில் அச்சுக் குத்தியது போல வட்டமாக ஒன்று வைத்துவிட்டேன். பதினேழு வயதில், ஓ.எல். சோதனை எழுதிக் கோட்டைவிட்டு வீட்டில் நிற்கிற எனக்கு, ஒரு வேலை இவ்வளவு திருத்தமாக வந்தது அதுதான் முதல் தரம். அதன் அழகைப் பார்க்க அவளோடு குசினி வாசல் வரை போனேன். அதுதான் பிழை.

அன்ரி ஒரு கண்ணைச் சுருக்கினார். மற்றக் கண்ணையும் சுருக்கினார். கொப்பியைத் திறக்கவில்லை.

"வலு நேராக் கிடக்கு."

"ஓம் அன்ரி, சுகம் வந்திட்டுது," என்றேன் நான்.

"என்ர பிள்ளை சுகமான நாளிலயே ஒரு நெல்லளவு வலப்பக்கம்தான் வைக்கிறவள். இது ஆர் வைச்சது?"

யது நிலத்தைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"பன்னிரண்டு வரி, அன்ரி. பாவமெல்லே..."

"எனக்குத் தெரியாதோ பன்னிரண்டு வரி? நான்தானே கீறினனான்." கொடியில் கிடந்த துவாயை இழுத்து எடுத்தார். "டொக்டர் இதை நம்பிக் குளிசையைக் குறைச்சுப்போட்டார் எண்டால், பேந்து இவளின்ர கை சோத்தையும் வாய்க்குக் கொண்டுபோகாது. அப்ப நீ வைச்ச வட்டம் வந்து சோறு தீத்துமோ?"

துவாய் நுனியை நனைத்து என் வட்டத்தைத் துடைத்தார். போத்தலை யதுவின் கையில் கொடுத்தார். "வை அம்மா. நான் பேசமாட்டன்." அவளுடைய விரல் இரண்டு தரம் காற்றில் தடுமாறி, புருவத்துக்கு மேலே போய் ஒரு கோடாக இழுபட்டது. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி லைற் அடித்தார். தொண்டை சிவந்திருந்தது.

"செவ்வாய் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. இண்டைக்கே கொண்டுபோறன்," என்றார்.

நான் மெல்ல நழுவினேன்.

"நில்லடி. அரிவு வெட்டுத் தொடங்கினால் நான் விடிய வயலுக்குப் போயிடுவன். ஆர் கொப்பி எழுதுறது?"

"எனக்குப் படிப்பு வராது, அன்ரி."

"புள்ளி போட ஓ.எல். தேவையில்ல. உள்ள இடத்தில போட்டால் சரி."

அன்றைய முட்டையையும் இரண்டு புருவங்களையும் கீறினார். புள்ளி வைக்கவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி, பென்சிலின் கூரைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, மற்ற முனையை என்னிடம் நீட்டினார்.