பலதியா வேலி போடாத வெள்ளிக்கிழமை

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், ஷார்ஜாவில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதரிடம் நான் பொய் சொன்னேன். வாய் தவறி வந்த பொய்யல்ல. முந்தின நாளே யோசித்து, குளியலறையில் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, ரோலா கடைவீதியில் ஒரு பொதுத் தொலைபேசியில் கார்டு செருகிச் சொன்ன பொய். அதற்குச் சாட்சியாக ஒரு ஜோடித் தோல் கையுறை இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் கம்பி தூக்கும்போது போட்டுக்கொள்வார்களே, அந்த வகை. உள்ளங்கையில் தோல் தேய்ந்து கறுத்து, அடுப்பில் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருக்கிறது. என் வலது கட்டைவிரல் கத்தரிக்காய் போல வீங்கியிருப்பதால், இதை இடது கையின் ஒற்றை விரலால் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கையுறைக்காரரை நாங்கள் கீப்பர் அண்ணன் என்றுதான் அழைப்போம். சிவகங்கைப் பக்கத்து மனிதர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடித்து அச்சுக் கட்டுகிற ஷட்டரிங் தச்சர். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் சுத்தியல் பிடிப்பார், ஏழாவது நாள் இந்தத் தோல் கையுறையோடு எங்கள் அணிக்கு விக்கெட் கீப்பர். டென்னிஸ் பந்தில் எலக்ட்ரிக்கல் டேப் சுற்றி, ஊருக்கு வெளியே ஒரு மணல் பொட்டலில், வெயில் ஏறுவதற்கு முன் ஆடி முடிக்கிற கிரிக்கெட். நான் அணியின் செயலாளர். பதினான்கு வருடங்களில் அவர் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. மஞ்சள் காமாலையோடு வந்து நின்றார். போகச் சொன்னதற்கு, "பந்து கொஞ்சம் மஞ்சளாத் தெரியுது, அம்புட்டுத்தான். முன்னைக்கு இப்ப நல்லாத் தெரியுது" என்றார். கடைவாய்ப் பல் பிடுங்கிய மறுநாள், வாயில் பஞ்சோடு நின்று, அப்பீலை மட்டும் கையைத் தூக்கிக் காட்டினார். பந்து பட்டுப் பட்டு அவருடைய பத்து விரலும் பத்துத் திசைக்கு வளைந்திருக்கும். டாக்சியில் உட்கார்ந்து அவர் கை நீட்டி வழி சொன்னால், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார்.

ஊருக்குப் போகாமலா இருந்தார் என்று கேட்பீர்கள். போனார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் வெயில் கொடுமையால் நாங்கள் ஆட்டத்தையே நிறுத்திவிடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும்தான் லீவு போடுவார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் ஊரில் ஆடி மாதம் இளம் தம்பதியைப் பிரித்துவைக்கிற வழக்கம்; சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாதாம். இரண்டு வருடம் காத்திருந்து ஆடியில் மட்டும் வந்து இறங்குகிற புருஷனை என்ன செய்வது? "ஆடியில வர்ற மனுசன எங்கிட்டுப் போயித் தங்கச் சொல்றது, கம்மாக்கரையிலயா?" என்று அண்ணி மாமியாரிடமே கேட்டதாக அவரே பெருமையாகச் சொல்வார். மூன்று பிள்ளைகள். மூன்றும் சித்திரை.

இனி என் கதை. நான் எம்.ஏ. வரலாறு. ஆனால் என் விசாவில் இருந்த பதவி, டைல் பதிக்கும் கொத்தனார். எந்தப் பதவிக்கு விசா கிடைத்ததோ அதில் ஏறி வந்துவிடுவது அன்றைய வழக்கம். அலுவலகத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் காகிதத்தில் கொத்தனாராக இருக்கும்வரை மனைவியையும் மகளையும் திருச்சியிலிருந்து கூட்டிவர முடியாது. பதவியை மாற்றிக் கேட்கும் கடிதத்தில் எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் அவர் மேசையில் ஐந்து மாதம் தூங்கியது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க டீம் ஃபைனலுக்கு வந்திருக்காமே? காலேஜ்ல நான்தான் கீப்பர், தெரியுமா?" என்றார். பிறகு என் கடிதத்தை எடுத்து மேலே வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

கீப்பர் அண்ணனிடம் ஒரு நாள் ஒதுங்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கத் தைரியமில்லை. அதனால் ஃபைனல் நடக்கவிருந்த அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கேம்ப்புக்குப் போன் போட்டு, "அண்ணே, கிரவுண்டுல பலதியா வேலி போட்டுட்டான். இன்னைக்கு மேட்ச் மாஃபி" என்றேன். பலதியா என்றால் இங்கே நகராட்சி; மாஃபி என்றால் இல்லை. பொட்டலில் கிரிக்கெட் ஆடுகிறவர்களை விரட்டுவது அவர்களுக்கு வழக்கம்தான். ஆகையால் பொய்க்கு நல்ல பொருத்தம். "சரி எம்மே. அடுத்த வெள்ளி பாப்போம்" என்று வைத்துவிட்டார். என் படிப்பைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

அணியில் மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் வீட்டுக்கும் போகவில்லை. மேனேஜர் புத்தம்புதிய கீப்பர் கையுறைகளோடு, விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் வந்தார். கீப்பர் அண்ணனின் தோல் கையுறை என் பொறுப்பிலிருந்த அணியின் பைக்குள் கிடந்தது. முதல் ஓவரிலேயே நான்கு பந்துகள் மேனேஜரைக் கடந்து பக்கத்துக் களம்வரை ஓடின. அங்கே லாரி ஓட்டும் பாகிஸ்தானிப் பட்டான்களின் ஆட்டம். "வாஹ் உஸ்தாத்! வாஹ்!" என்று யாரையோ ஓயாமல் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பந்தை எடுக்க நான் ஓடியபோது, தலையில் துண்டு கட்டிய ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைக் காலால் தட்டி என் பக்கம் அனுப்பினார். "ஷுக்ரன் பாய்" என்று நன்றி சொன்னேன். ஐந்தாவது ஓவரில் மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டி.வி.யில் பார்த்த மாதிரி வலது கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ரன் அவுட்டுக்குத் தயாராக நின்றார். அடுத்த பந்து அவர் வலது கட்டைவிரல் நுனியில் பட்டது. எலும்பில் விரிசல். ஃபைனலில் தோற்றோம். அது பெரிதல்ல. மேனேஜர் ஆறு வாரத்துக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட முடியவில்லை. நான் மேலும் ஆறு வாரம் கொத்தனாராகவே இருந்தேன்.

கட்டுப் பிரித்ததும் கையெழுத்துப் போட்டார். மனைவியும் மகளும் வந்தார்கள். பிறகு மகன் பிறந்தான். நடந்ததை மனைவியிடம் சொன்னபோது, "அப்ப நான் இங்க குடும்பம் நடத்துறதே ஒரு பொய்யிலதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கீப்பர் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி வழக்கம்போல முதல் ஆளாக நின்றார், அதன்பின் ஒன்பது வருடம் நின்றார். ஆனால் வருடக் கடைசியில் அணி கூடிச் சாப்பிடும்போதெல்லாம் எழுந்து நின்று, "நம்ம டீம் ஆடுன ஒரு மேட்சுல நான் இல்லேன்னு எவனாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்!" என்று சவால் விடுவார். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பிரியாணியில் எதையோ தேட ஆரம்பிப்போம். ஒருவன் ஒவ்வொரு வருடமும் எலும்பு தொண்டையில் சிக்கியதாக நடித்தான். ஸ்கோர் புத்தகத்தில் அந்த ஃபைனல் இருந்த பக்கத்தைக் கிழித்தது நான்தான். அவர் விசா முடிந்து ஊருக்குப் போன அன்று, பையில் கிடந்த கையுறையைக் கொடுக்க மறந்தேன். மறந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். நேரில் பார்த்தால் உளறிவிடுவேன் என்று பயந்து வழியனுப்பவே போகவில்லை.

இப்போது எனக்கு எழுபது. மகன் வீட்டில் ஷார்ஜாவிலேயே இருக்கிறேன். கீப்பர் அண்ணன் போன மாதம் விசிட் விசாவில், பக்கத்து அஜ்மானில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு எழுபத்துநான்கு. இந்த முறை தப்பிக்கக் கூடாது என்று கையுறையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ரோலாவில் ஒரு டீக்கடைக்கு அவரை அழைத்தேன். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். உங்கள் பதினான்கு வருடத்தை என் ஒரு கையெழுத்துக்காக உடைத்தேன், இல்லாத வேலியைச் சொன்னேன், பக்கத்தைக் கிழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேலி போட்டான்னு சொன்னீகல்ல எம்மே? நான் என்ன வேலை பாத்தேன்?"

"ஷட்டரிங்."

"வேலி போட்டா பிரிக்கத் தெரியாதா எனக்கு? சுத்தியல எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். வந்து பாத்தா வேலியக் காணோம், நீங்க எல்லாரும் இருக்கீக. பக்கத்துல பட்டான் டீம்ல ஒரு ஆளு கொறைஞ்சுச்சு. துண்டக் கட்டிக்கிட்டு வெறுங்கையோட நின்னேன். மூணு கேட்ச்சு." டீயை ஊதிக் குடித்தார். "நீங்க ஷுக்ரன் வேற சொன்னீக."

நான் டீயைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏண்ணே வருசா வருசம் அந்தச் சவால்?"

"நீங்கள்லாம் பிரியாணிக்குள்ள தலையக் குடுக்குறத வேற எப்பிடிப் பாக்குறது? அதுக்காகவே ஒன்பது வருசம் ஆடுனேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எம்மே. பொண்டாட்டி புள்ளையக் கூட்டியாரணும், ஒரு நாளு ஒதுங்குங்கன்னு. விட்டிருப்பேன்." சற்று யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "ஒரு ஓவர். நான் பந்து போடுறேன், நீங்க கீப்பர். இதைப் போட்டுக்கிட்டு" என்று கையுறையை என் பக்கம் தள்ளினார். நேற்று வெள்ளிக்கிழமை காலை, என் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் பின்னால், கார் நிறுத்தும் மணல் பொட்டலில், தண்ணீர்க் கேனை ஸ்டம்ப்பாக வைத்து ஆரம்பித்தோம். மட்டையோடு மகன் நின்றான். எந்தப் பந்தையும் அடிக்கக் கூடாது என்று அவனுக்குக் கீப்பர் அண்ணனின் உத்தரவு. முதல் பந்து என் முழங்காலில் பட்டது. இரண்டாவதைப் பிடித்தேன், ஊருக்கே கேட்கும்படி நானே கத்தினேன். மூன்றாவது பந்து, விறைத்துப்போன தோலைத் தாண்டி நேராகக் கட்டைவிரல் நுனிக்கு வந்தது. நான் மணலில் உட்கார்ந்தபோது வாட்ச்மேன் ஓடிவந்து, "பாய், பந்த் கரோ! பலதியா ஆயேகா! யஹான் கிரிக்கெட் மாஃபி!" என்று கத்தினார். நிறுத்த வேண்டுமாம், பலதியா வந்துவிடுமாம், இங்கே கிரிக்கெட் கூடாதாம்.

கீப்பர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விரலை வாயில் வைத்தபடி அவரைப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் அப்படிச் சிரிப்பது இடுப்புக்கு நல்லதல்ல. என் மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. கீப்பர் அண்ணன் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இன்னும் மூணு பந்து பாக்கி. அடுத்த வெள்ளி பாப்போம், எம்மே" என்று சொல்லித் தன் மகளுடைய காரில் ஏறினார்.

ஊருக்குத் திரும்பும்போது கையுறையைக் கொண்டுபோவீர்களா என்று கேட்டதற்கு, மூன்று பந்து முடியட்டும் என்றார். அதனால்தான் இது என் மேசைமேல் கிடக்கிறது. நல்லெண்ணெய் தடவி ஊறவைத்திருக்கிறேன். விரலைக் காட்டித் தப்பிக்கலாமா என்று இன்று காலைகூட யோசித்தேன். பல் பிடுங்கிய வாயில் பஞ்சோடு வந்தவரிடம் விரலைக் காட்ட முடியாது. பலதியா வேலி போட்டுவிட்டான் என்றால், சுத்தியலோடு வந்துவிடுவார்.