சேறு பூசிய லாரி

சின்னச் சின்னப் பாகங்களை ஒட்டி ராணுவ லாரி பொம்மைகள் செய்வது என் பொழுதுபோக்கு. சேரன்மகாதேவியில் பக்கத்து வீட்டு மேரி அக்காவின் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். போன வருடம் இறந்துவிட்டார். அவர் ஓட்டிய லாரியையே செய்து அக்காவுக்குக் கொடுத்தேன். நிஜம்போல் இருக்கட்டும் என்று சக்கரத்தில் சேறு, கதவில் துரு என்று பெயின்டும், கண்ணாடியில் புழுதிபோல் வெறும் பொடியும் இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தேன்.

அக்கா அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அவிய வண்டிய ஒருநாளும் இப்பிடிப் போட்டதில்ல தம்பி. லீவுல வந்தா என் சைக்கிளக்கூடத் தொடச்சிக்கிட்டே இருப்பாவ."

"குடுங்கக்கா, சரிபண்ணித் தாரேன்" என்று வாங்கி வந்தேன்.

சேற்றையும் துருவையும் தின்னர் தொட்டுத் துடைத்தேன். முன்கண்ணாடியில் எனக்கு வேலை இருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே அக்கா அதை முந்தானையால் துடைத்திருந்தார்.