எங்கள் ஆள் என்று எழுதியவர்

அந்தச் சிற்றிதழைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வைத்து என் கையில் திணித்தவள் தங்கைதான். "அக்கா, நம்ம இருளர் பொண்ணு ஒண்ணு கதை எழுதியிருக்குது, படியேன்." எழுதியவளுக்கு நாங்கள் கும்பிடும் சாமியின் பெயர். செங்கல் சூளையில் அடைபட்ட ஒரு தாயின் கதை. மேல்மலையனூர் பஸ் கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் நின்றபடியே படித்தேன்.

பாதியில் அந்த இடம் வந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தவளின் கஞ்சிப் பானையைச் சூளைக்காரன் எட்டி உதைக்கிறான். அந்தத் தாய் என் அம்மா. குழந்தை நான். இதை வெளியாள் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்: பள்ளிக்கூடத்தில் என் எதிர் மேசையில் உட்காரும் தமிழாசிரியரிடம். நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரர்.

மறுநாள் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"எம் பேர்ல அனுப்பினதெல்லாம் திரும்பி வந்துட்டுது டீச்சர். இந்தப் பேர்ல உடனே போட்டாங்க. இப்ப புத்தகமாவே வருது." குரலைத் தாழ்த்தினார். "விழாவுக்கு எழுதினவங்க வரணுமாம். நீங்க வந்து மேடையில உக்காந்தா போதும். உங்க அம்மா கதைதானே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் படுத்தியது. பாடம் நடத்தும்போது வாக்கியம் பாதியில் அறுந்தது. மேடையில் நான் எதைச் சொன்னாலும் அது உண்மையாகத்தானே இருக்கும்? இதற்குள் தங்கை எங்கள் குடியிருப்பு முழுக்கக் கதையைப் படித்துக் காட்டியிருந்தாள். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் அவரிடம் சொன்னேன்: "வரமாட்டேன் சார். எங்கம்மாவக் கேட்டுட்டு, உங்க பேர்லயே எழுதுங்க."

"எம் பேர்ல எழுதினா யாரு டீச்சர் படிப்பாங்க?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். "கதை பொய்யா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன இன்னா?"

அவள் எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு அந்த இதழை வீட்டில் நான் பார்க்கவில்லை.

விழா நடக்கவில்லை. எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். புத்தகம் அதே பெயரில்தான் வந்தது. அவர் இன்னும் என் எதிர் மேசையில்தான் பேப்பர் திருத்துகிறார். அம்மாவைப் பற்றி யாராவது என்னிடம் விசாரித்தால் அவருடைய பேனா நிற்கிறது. நானும் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.