கிணற்றில் நாலிலொரு பங்கு

உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு தோட்டக் கிணறு இருந்தது. நான்கு சகோதரிகளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணிகளுக்கு நடுவே இருந்த கிணறு அது. ஒவ்வொருவரின் உறுதிப் பத்திரத்திலும் காணியின் அளவுக்குப் பின்னால் ஒரே வாசகம்: கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்காலும். நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்துவிட்டு ஒரு நில அளவையாளரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். உறுதிகளைப் பார்த்து வரைபடம் கீறுவது என் வேலை. எதையும் கொப்பியில் இலக்கம் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம்.

சகோதரிகளில் இளையவரைச் சின்னக்கா என்றும் மூத்தவரைப் பெரியக்கா என்றும் கூப்பிடுவேன். சின்னக்காவின் கணவர் வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்குப் போனவர். அவருடைய கடைசிக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வீட்டில் இரண்டு சிறிய பெண்பிள்ளைகள். மூன்று பரப்பு வெங்காயத் தோட்டத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

தொண்ணூறுக்குப் பிறகு போர்த் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனதும் இறைப்பு மெசின்கள் ஓய்ந்தன. அதுவரை சின்னக்காவுக்குப் பெரிய கரைச்சல் இருக்கவில்லை. பெரியக்காவின் கணவர் தன் மெசினை இயக்கிவிடுவார். சின்னக்கா மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். மெசின் நின்றதும் ஆண்கள் கூடி, கைவிட்டிருந்த துலாவை மறுபடி நட்டார்கள். ஆடுகால் என்று சொல்லும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு நீளமான பனைமரம். அதன் நுனியிலிருந்து தொங்கும் கொடியில் தண்ணீர் அள்ளும் பட்டை. மரத்தின் மேல் ஒருவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும். பின்னால் நடந்தால் தண்ணீரோடு ஏறும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் சரிப்பார். நான்கு பங்குக்கு நான்கு நாள் முறை. ஒரு பங்குக்கு ஒரு பகல், விடிந்ததிலிருந்து பொழுது படும்வரை. முறையன்று இறைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்த பங்குக்குப் போகும்.

பெண்கள் துலா மிதிப்பதில்லை. நடுவார்கள், களை பிடுங்குவார்கள், தண்ணீர் மாறுவார்கள், காயவைத்த வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்குவார்கள். துலாவில் மட்டும் ஏறமாட்டார்கள். ஏறினால் ஊற்றுக்கண் அடைபடும் என்று சொல்லப்பட்டது. எந்தக் கிணற்றில் அப்படி அடைபட்டது என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் பெரியக்காவின் கணவர் சின்னக்காவின் வீட்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்கு மரக்கறி கொண்டுவந்திருந்தார். வெங்காயம் கொஞ்சம் காய்ந்தாலும் பிறகு பார்க்கலாம் என்றார். இதுவரை சின்னக்காவுக்குக் கூலிக்கு மிதித்த ஆள் நின்றுவிட்டதையும், வேறு ஆள் இல்லாததையும் சொன்னார். பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

“இந்தப் போகம் உன்ரை முறையை நான் எடுக்கிறன், தங்கச்சி. அடுத்த போகம் பாப்பம்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார் சின்னக்கா. ஒரு போகம் விட்ட முறை அடுத்த போகத்தில் தானாகத் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர் இல்லாத காணியை விற்றுவிடலாம் என்றாலும் தேசவழமைச் சட்டப்படி அதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும். நட்ட வெங்காயத்துக்கு அப்போது இரண்டு கிழமை வயது. இரண்டு முறை தவறினால் கருகிவிடும்.

மறுநாள் அக்காமாரிடம் கேட்டு வாங்கி, நான்கு உறுதிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அவற்றைப் படித்து, கொப்பியில் இரண்டு நிரல் கீறினேன். முதல் நிரலில் கிணற்றின் உரிமையாளர்: நான்கும் பெண்களின் பெயர். இரண்டாவது நிரலில் முறையைத் தீர்மானிப்பவர்: மூன்று ஆண்கள், ஓர் இடம் வெறுமை. பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல் நீட்டினேன். சின்னக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உது எங்களுக்குத் தெரியாத புதினமே, பிள்ளை? உறுதி வந்து துலா மிதிக்குமோ?”

கொஞ்ச நேரம் கழித்து, என்னால் உண்மையில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார். “ஒரு ஆம்பிளையின்ரை பாரத்துக்கு எத்தினை பொம்பிளையள் ஏறவேணும்? அதைப் பார்த்துச் சொல்லு.”

நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் துலாவை அளந்தேன். மரத்தின் நீளம், ஆடுகாலிலிருந்து இரு நுனிகளின் தூரம், கிணற்றின் ஆழம், பட்டை கொள்ளும் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பெண்கள் நடந்தால் போதும் என்று வந்தது. ஒரு பகலுக்குள் தோட்டம் முழுவதையும் நனைத்துவிடலாம் என்றும் எழுதினேன். சின்னக்கா கொப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. மரத்தின் மேல் கையை வைத்து, வெட்டியிருந்த படிகளைத் தடவிப் பார்த்தார். அந்தப் படிகள் ஆண்கள் எட்டி வைக்கும் அடியின் தூரத்துக்கு வெட்டப்பட்டவை. நான் எல்லாவற்றையும் அளந்தேன், அதை அளக்கவில்லை. அவர் தும்புக் கயிறு கொண்டுவந்து, இரண்டு படிகளுக்கு நடுவே ஒவ்வொரு சுற்றாக இறுக்கிக் கட்டினார். நான் எழுதியதைவிட அதுதான் பெரிய வேலை என்று அப்போதே விளங்கியது.

இரண்டாவது பெண்ணாக நான்தான் ஏறுவேன் என்று நினைத்திருந்தேன். சின்னக்கா சம்மதிக்கவில்லை. நான் விழுந்தால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு, என்னைப் பட்டை பிடிக்கச் சொன்னார். முறையன்று விடிய நான் கிணற்றடிக்குப் போனபோது பெரியக்கா அங்கே நின்றார். சேலையை வரிந்து கட்டி, மேலே கணவரின் பழைய சட்டையைப் போட்டிருந்தார். மூன்றாவது சகோதரி மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். இரண்டாமவரை அவருடைய வீட்டில் வர விடவில்லை. அவர் கேத்தலில் தேத்தண்ணி அனுப்பியிருந்தார்.

“கனக்க யோசிச்சா ஏறமாட்டன். கையைத் தா,” என்றார் பெரியக்கா.

முதல் ஐந்தாறு பட்டைத் தண்ணீரும் என் தலையில்தான் கொட்டியது. மேலே இருவரும் அடி மாறி நடந்தார்கள். கீழே நான் கொடியைத் தாமதமாக இழுத்தேன். பிறகு சின்னக்கா “முன்னுக்கு, பின்னுக்கு” என்று மெல்லச் சொல்லத் தொடங்கினார். அந்தக் குரலுக்கு மூவரும் பழகிக்கொண்டோம். வாய்க்காலில் தண்ணீர் அறுபடாமல் ஓடியது.

வெயில் ஏறியபோது பெரியக்காவின் கணவர் வந்தார். துலாவின் மேல் தன் மனைவியைக் கண்டு நின்றுவிட்டார். “இறங்கு கீழை. ஊற்றை அடைக்கவே நிக்கிறியள்?”

“உங்கடை முறை நாளைக்கு,” என்று மேலிருந்து சின்னக்காவின் பதில் வந்தது. “நாளைக்கு வாங்கோ.”

அவர் போகவில்லை. பூவரச மரத்தடியில் குந்தினார். மத்தியானம் நாங்கள் ஓய்ந்தபோது, நூல் விட்டு அளந்து பார்க்கும்படி என்னிடம் சொன்னார். கிணறு வற்றினால் நான்தான் சாட்சி என்றார். அளந்தேன். காலை இறைப்பில் குறைந்திருந்த தண்ணீர் கொஞ்சம் ஊறியிருந்தது. இரண்டாம் தரம் தானே நூலை விட்டுப் பார்த்தார். நூலைச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு மரத்தடிக்குத் திரும்பினார்.

என் கணக்கில் ஓய்வுக்கு நேரம் விட்டிருக்கவில்லை. பொழுது படும்போது கடைசியிலிருந்த இரண்டு பாத்திகள் காய்ந்தே கிடந்தன. பெரியக்காவின் கணவர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, நேரம் முடிந்தது, துலாவைக் கட்டுங்கள் என்றார். சின்னக்கா வாதாடவில்லை. முறை எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லி இறங்கினார். அந்த இரண்டு பாத்திகளின் பயிரும் தலை சாய்ந்திருந்தது.

பெரியக்கா துலாவின் அடியில் குந்தி, கொப்புளம் போட்ட பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்துக் கேட்டார்: “நாளைக்கு முறை ஆரின்ரை?”

“எங்கடை. இதென்ன கேள்வி?”

“உறுதியிலை ஆரின்ரை பேர் கிடக்கு?”

அவர் துலாக் கொடியைப் பிடித்துக் கட்டத் தொடங்கினார்.

“என்ரை பேர். என்ரை முறையிலை முதல் தண்ணி தங்கச்சியின்ரை ரண்டு பாத்திக்கும். அதுக்குப் பிறகு எங்கடை வெங்காயம்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று சொல்வதுபோல இருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கிணற்றடியில் அவர் வாய் திறந்து ஒரு முறையைப் பற்றிச் சொன்னதை நான் அறியேன்.

கணவர் கிணற்றைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். கடைசியில் சின்னக்காவிடம் திரும்பினார். “எந்த ரண்டு பாத்தி?”

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். அவர்தான் துலா மிதித்தார். பெரியக்கா பட்டை பிடித்தார். தண்ணீர் அவர்களுடைய காணியைத் தாண்டி ஓடிவந்து சின்னக்காவின் காய்ந்த முதலாவது பாத்தியை நிறைத்தது, பிறகு இரண்டாவதை. சின்னக்கா அதன் வாயை மண் போட்டு அடைத்து, ஒரு வெட்டில் தண்ணீரைத் தமக்கையின் காணிப் பக்கம் திருப்பினார். “போகுது, அக்கா” என்று கிணற்றடிக்குக் கேட்கும்படி சொன்னார்.