அளவுக்கு ஒரு பழைய பாடி

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் உள்ளாடைக் கடைக்குப் போன முதல் நாள், என் பழைய பாடியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். தையற்கடைக்கு அளவு ஜாக்கெட் கொண்டுபோய்ப் பழகிய கை. புதிது வேண்டுமென்றால் பழையதைக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? கடைக்காரப் பெண்மணி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “சாரி லவ், இது எங்கள் கடையில் வாங்கியதில்லை. திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது” என்றார். இங்கே கடைக்காரம்மாக்களுக்கு வருகிறவர்கள் எல்லோருமே ‘லவ்’தான். திருப்பிக் கொடுக்க வரவில்லை, இதே அளவில் இன்னொன்று வேண்டும் என்றேன். “இதே அளவிலா?” என்று என் தோளைப் பார்த்தார்.

உள்ளறைக்கு அழைத்துப்போய் நாடா பிடித்து அளந்தார். முப்பத்தாறு போட்டுக்கொண்டிருந்த நான் முப்பத்திரண்டாம். கப் மட்டும் பெரிதாக வேண்டுமாம். பாரத்தைத் தாங்கவேண்டியது முதுகைச் சுற்றிவரும் பட்டை, தோள் அல்ல என்றார். கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்டார். யார் அளந்தார்கள்? போடி பஜாரில் அம்மா என்னைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, “இந்தப் பிள்ளைக்குத்தாண்ணே. வளர்ற பிள்ள, ஒரு சைஸ் கூட்டியே குடுங்க” என்பாள். கடைக்காரர் என் பக்கம் திரும்பாமலே ஒரு பெட்டியை எடுத்து, பேப்பரில் சுற்றித் தருவார். பார்க்காமல் இருப்பது மரியாதை. அந்த மரியாதையைத்தான் இத்தனை வருடமாக மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

புதியதைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்ததும் அக்கா நினைவுதான் வந்தது. அவள் சிலமலையில் இருக்கிறாள். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், நாள் முழுக்கச் செடியின் அடியில் குனிந்து காய் எடுக்கிறாள். அவளுக்குத் தோள்வலி, கை மரத்துப்போகும். தைலம் தேய்த்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. “இந்தக் கைய வச்சுக்கிட்டு அடுத்த எடுப்புக்கு வராத” என்று கங்காணி சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இறந்தபிறகு அந்தக் கூலியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நாடாவும், பல அளவுகளில் பாடிகளும் கொண்டுபோனேன். கதவைச் சாத்தியதுமே அக்கா தொடங்கிவிட்டாள்.

“ஏய் கழுத, நான் என்ன கல்யாணப் பொண்ணா? சோலி கெடக்கு, வெரசா விடு. ஜாக்கெட்டுக்கு மேலயே அளந்துக்க.”

ஒருவழியாகக் கழற்றினாள். இரண்டு தோளிலும் விரல் பதியுமளவு பள்ளம். தோள்வார் வெளியே தெரியக்கூடாதென்று ஜாக்கெட்டோடு சேர்த்துக் குத்தும் ஊக்கு கீறிய தழும்புகள் வேறு. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. சரியானதைத் தேடிப் போட்டுவிட்டேன். கையை மேலே தூக்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

மறுநாள் விடியலில் பார்த்தால் அதே பழைய பாடி, அதே ஊக்கு.

“புதுசு எங்கக்கா?”

“பெட்டியில வச்சிருக்கேன். நல்லது பொல்லதுக்குப் போட்டுக்கிறேன். காட்டுல கறை பட்டுரும்ல.”

“நல்லநாளைக்கா உனக்குத் தோள் வலிக்குது?” என்று கத்தினேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவளுடைய பழைய பாடி அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ராத்திரி அக்கா குளிக்கப்போகும்போது மாட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டதும் அதையும் சேர்த்தேன். ரப்பர் நாற்றம் தெருவரைக்கும் போனது.

“வெளிநாட்டுல இருந்து வந்தா என் வீட்டுச் சாமான எரிப்பியா? ஒனக்கு யாரு அந்த உரிமையக் குடுத்தா?” என்று கேட்டாள். நான் கிளம்பும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. வழியனுப்பவும் வரவில்லை, மலைக்குப் போய்விட்டாள்.

காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதத்தில் ஒரு நாள், லீட்ஸில் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அக்காவே போனில் கூப்பிட்டாள்.

“கை மரக்கலடி” என்றாள். “கங்காணி ஒண்ணும் சொல்லல. தெனமும் போறேன்.” பிறகு சொன்னாள்: “பொம்பளையாப் பொறந்தா வலிக்கத்தான் செய்யும்னு நெனச்சேன். அம்மாவக் கடைசியாக் குளிப்பாட்டுனப்ப அவ தோள்லயும் இதே பள்ளம் இருந்துச்சு. நாந்தான் மஞ்சப் பூசுனேன். அப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணல.”

அவளே தொடர்ந்தாள்.

“நீ இங்கயே கெடந்திருந்தா ஒனக்கும் தெரிஞ்சிருக்காது. அங்கயே இருடி. நல்லா இரு.”

எப்போது பேசினாலும், “எப்ப ஊருக்கு வர்ற?” என்று கேட்டுத்தான் போனை வைப்பாள். அன்று கேட்கவில்லை. கோபமில்லை, மனசார வாழ்த்தித்தான் சொன்னாள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்து கதவைத் திறந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். ஏறத் தோன்றாமல் நான் அங்கேயே நின்றேன்.