என் மொழியில் கேட்டவர்

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். வீட்டில் தெரிந்தால் நோட்டு அடுப்புக்குப் போய்விடும். மரகதம் அக்காவின் முன்னால் என்னைப் போல உட்கார்ந்து பேசிய பிள்ளைகளுக்கு மட்டும் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவின் போனை நான்தான் எடுத்தேன். அக்காவின் அலுவலகத்திலிருந்து மினி சேச்சி. “மோளே, மேடம் போயி” என்றார். “எங்கேங்க? எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். சேச்சி அழுத பிறகுதான் அக்கா இறந்துவிட்டார் என்று புரிந்தது. நெஞ்சுவலி, வண்டன்மேட்டில், அவருடைய அம்மா வீட்டில்.

அக்காவைச் சந்திப்பதற்கு முன், அம்மாவின் கூடப்பிறந்த மாமாவைப் பற்றி நான் டீச்சரிடம் அரைகுறையாகச் சொன்னது போலீஸ் வரை போயிருந்தது. அங்கே மலையாளத்தில் கேட்டார்கள்: “மாமன் உபத்ரவிச்சோ?” கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசுகிற எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் உபத்திரவம் என்றால் வெறும் தொந்தரவு. மாமா அடித்ததில்லை, திட்டியதில்லை. வரும்போதெல்லாம் பலகாரம் வாங்கி வருவார். “ஒரு உபத்திரவமும் இல்லீங்க” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குத் தப்பாக நடந்துகொள்வது என்றும் அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் அக்கா வந்தார். வழக்குகளில் பிள்ளைகளிடம் பேசுகிற உளவியலாளர் என்றார்கள். எனக்குப் பயம். அவர் பையைத் திறந்ததும் ஏலக்காய் மணத்தது. “எங்க ஊருல கொசு கடிச்சாக்கூட ஏலக்கா வாசம்தான்” என்றார். பிறகு, “உனக்கு ஒம்பது வயசுதான?” என்றார்.

“இல்லீங்க, பதினாலு.”

“சபாஷ். நான் தப்பாச் சொன்னா இப்படித்தான் திருத்தணும். நான் அங்க இல்ல பாத்தியா, எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஏனுங்க, இத்தனை படிச்சவங்களுக்கே தெரியாதுங்களா?”

“ஏ புள்ள, படிச்சவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாது!”

அன்று பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

உபத்திரவம் என்றால் உங்கள் ஊரில் என்ன என்று கேட்டார். “சும்மா சத்தம் போடறது, வேலை செய்ய உடாம நச்சறதுங்க” என்றேன். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். “அந்தச் சொல்ல விட்டுருவோம். மாமா வந்தப்ப என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லு.” நான் பாதியில் நிறுத்திய வாக்கியங்களை ஒருமுறைகூட அவர் முடித்துவைக்கவில்லை. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னோடு ஜன்னலைப் பார்த்தார்.

எல்லாம் சொல்லி முடித்து, “மொதல்ல பொய் சொல்லிட்டனுங்க” என்று அழுதேன்.

“பொய் இல்ல தாயி. கேட்டதுக்குப் பதில் சொன்ன, கேட்டதுதான் தப்பு. வாக்குமூலத்துக்கு இங்க மலையாளத்துல மொழின்னு பேரு. அவங்கவங்க பேச்சுல சொன்னாத்தான அது மொழி?”

நாளை கோர்ட்டில் நான் பேச வேண்டும். மாமாவின் மனைவி, என் அத்தை, மூன்று நாளாக இங்கேயே தங்கியிருக்கிறார். “அந்தம்மாளே போய்ச் சேந்துட்டா, இனி யாரு கேக்கப் போறா? மொதல்ல சொன்னதையே சொல்லிப்போடு கண்ணு. உங்கம்மாளுக்குப் பொறந்த ஊடு வேண்டாமா?” என்றார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாளை அக்கா அங்கே இருக்கமாட்டார். என்னோடு வருவது ஒன்றுதான்: நான் சொல்லும்வரை தனக்குத் தெரியாது என்று ஒரு பெரியவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. உபத்திரவம் என்ற வார்த்தையை வைத்து யார் கேட்டாலும், “அது வேண்டாமுங்க, நடந்ததைச் சொல்றேன்” என்று தொடங்குவேன். அம்மா கூட வந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இது மெதுவாக, அத்தைக்குக் கேட்டுவிடாமல்